வாசகர் கேள்வி: விசாரணைக்கு வக்கீல் தலைமை தாங்கினால் அது கோர்ட்டா?

ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் ஒர்க்கர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தென் தமிழகத்திலிருந்து ஸ்பான்சர் விசாவில் போனவர். அவர் பார்க்கும் மூதாட்டி ஒருவருக்குக் காலையும் மாலையும் வலிப்பு மாத்திரை, மதியம் ஒரு சாதாரண மாத்திரை. மாலை ரோட்டாவில், அதாவது வேலை அட்டவணையில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பயண நேரமே இல்லை. நேரத்தை மிச்சப்படுத்த, மதியம் போனபோதே மார் ஷீட்டில், அதாவது எந்த வேளை மருந்து கொடுத்தாயிற்று என்று குறிக்கும் தாளில், மாலைக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்தார். அன்று பனிப்பொழிவில் பஸ் நின்றுவிட்டது. ஆபீஸ் வேறொருவரை அனுப்பியது. வந்தவர் ஷீட்டைப் பார்த்தார், மாத்திரை கொடுத்தாயிற்று என்று நினைத்துக் கொடுக்காமல் போய்விட்டார். மறுநாள் காலையில் ப்ளிஸ்டர் பேக்கில் மாத்திரை அப்படியே இருந்தது. மூதாட்டிக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

சூப்பர்வைசர் போனில் கேட்டபோது, "மதியக் கட்டத்தில் போட வேண்டியது பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிட்டது" என்றிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஷீட்டை மேஜையில் வைத்து, "மதியக் கட்டத்திலும் உங்கள் கையெழுத்து இருக்கிறதே?" என்று கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டார். கம்பெனி இறுதி எழுத்துப்பூர்வ எச்சரிக்கை கொடுத்தது, மருந்துப் பயிற்சிக்கு மறுபடி அனுப்பியது. ஒன்பது மாதமாகப் புகார் எதுவும் இல்லாமல் அங்கேயே வேலை செய்கிறார். இப்போது எஸ்.எஸ்.எஸ்.சி.யிலிருந்து, அதாவது கேர் ஒர்க்கர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் ஸ்காட்டிஷ் சோஷியல் சர்வீசஸ் கவுன்சிலிலிருந்து, விசாரணை நோட்டீஸ் வந்திருக்கிறது. முன்னதாக வந்த ஒரு கடிதத்துக்குப் பயத்தில் பதிலே போடவில்லையாம்.

அவர் கேட்பவை இவை. விசாரணைக் குழுவின் தலைவர் ஒரு சொலிசிட்டர், அதாவது வக்கீல், என்கிறார்கள், அப்படியானால் இது கோர்ட்டா, ஜெயிலா? கம்பெனி தண்டித்த பிறகு இன்னொரு தண்டனையா? இங்கிலாந்துக்குப் போய்விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறாள் தோழி, போகலாமா? கிளாஸ்கோவில் கணவரின் உறவினருக்குத் தெரிந்த தமிழ் வக்கீல் மூலம் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா? இங்கிலீஷ் தடுமாறுகிறது, போகாமல் மன்னிப்புக் கடிதம் மட்டும் அனுப்பினால் போதாதா?

சகோதரி, முதலில் பயத்தின் அளவைக் குறைக்கிறேன். இது கோர்ட் இல்லை. ஜெயில் கிடையாது, குற்றவாளி என்ற பதிவும் வராது. குழு தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: இந்த வேலைக்கான பதிவேட்டில் உங்கள் பெயர் எந்த நிலையில் இருக்க வேண்டும்? ஆனால் கோர்ட் இல்லை என்பதிலேயே உங்களுக்குப் பாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. கிரிமினல் வழக்கில் கிடைக்கும் 'சந்தேகத்தின் பலன்' இங்கே கிடையாது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழுவுக்குத் தோன்றினால் போதும், குற்றச்சாட்டு நிரூபணம். தராசு ஒரு குன்றிமணி எடை சாய்ந்தாலும் சாய்ந்ததுதான்.

அந்த நாற்காலியில் இருப்பவர் யார்

வக்கீல் என்ற சொல்லைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் என்று நினைத்துவிட்டீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அன்று இருப்பார், ஆனால் அவர் வேறு ஆள். கவுன்சிலின் சார்பில் பேசும் அவரைப் பிரசன்டர் என்பார்கள். குற்றச்சாட்டை எடுத்துவைப்பதும், சாட்சிகளைக் கேட்பதும், என்ன நடவடிக்கை வேண்டும் என்று வாதிடுவதும் அவர் வேலை. தலைவர் தீர்ப்புச் சொல்லும் மூன்று பேரில் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் உங்கள் துறையைச் சேர்ந்தவர், இன்னொருவர் துறைக்கு வெளியே உள்ள பொதுமக்களில் ஒருவர். உங்களை விசாரித்துக் கோப்பு தயாரித்த கவுன்சில் அலுவலர்களுக்கு இந்த மூவரின் முடிவில் பங்கில்லை. தலைவரின் ஓட்டுக்கும் மற்ற இருவரின் ஓட்டுக்கும் ஒரே எடைதான். ரோட்டாவில் பயண நேரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் துறைக்காரர் சொல்லாமலே புரிந்துகொள்வார். அதனால் பதில் சொல்லும்போது தலைவரின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசாதீர்கள்.

முன்பு இத்தகைய குழுக்களில் சட்டம் படிக்காத ஒருவர் தலைவராக இருப்பார், பக்கத்தில் ஓட்டில்லாத சட்ட ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிரிட்டனில் டாக்டர்களுக்கான அமைப்பு உட்படப் பலவும் அந்த இரண்டு நாற்காலியையும் ஒன்றாக்கிவிட்டன. இதனால் விசாரணை வேகமாக நடக்கும், நடைமுறைக் குழப்பம் குறையும். ஒரு சிக்கலும் உண்டு. பழைய ஆலோசகர் சட்டத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார், முடிவெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. இப்போது சட்டம் சொல்பவரே கதவை மூடிக்கொண்டு முடிவெடுக்கும் அறையிலும் இருக்கிறார். ஆகவேதான், குழு எந்தச் சட்டக் கோட்பாட்டை வைத்து முடிவெடுக்கப் போகிறது என்பதை இரு தரப்புக்கும் வெளிப்படையாகச் சொல்லி, அதைப் பற்றிப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்பது நியாயத்தின் அடிப்படை விதி. அவர் சொல்வது புரியவில்லை என்றால், "இதை எளிமையாகச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். வக்கீல் இல்லாமல் வருபவருக்கு நடைமுறையை விளக்குவது தலைவரின் கடமை. ஆனால் அவர் உங்கள் வக்கீலாக மாட்டார். எந்தச் சாட்சியிடம் என்ன கேட்பது, எதை ஒப்புக்கொள்வது என்று சொல்லித்தர மாட்டார்.

இனி அந்த 'ஒரு வார்த்தை'. ஊர் வழக்கப்படி யோசித்திருக்கிறீர்கள், புரிகிறது. செய்துவிடாதீர்கள். தலைவரின் காதுக்கு யார் மூலம் என்ன போனாலும் அதை அவர் இரு தரப்புக்கும் வெளியே சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அவர் விலகுவார், தேதி தள்ளிப்போகும். நேர்மை பற்றித்தான் உங்கள் மேல் ஏற்கெனவே கேள்வி இருக்கிறது, அதில் இன்னொரு பக்கம் சேரும். முறையான வழி வேறு. குழுவில் யாரையாவது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், உதாரணமாக ஒருவர் உங்கள் கம்பெனியிலேயே வேலை பார்த்திருந்தால், விசாரணை தொடங்கும்போதே சொல்லுங்கள். நியாயமான, விவரமறிந்த ஒரு பார்வையாளருக்குப் பாரபட்சம் இருக்கக்கூடும் என்று உண்மையிலேயே தோன்றுமா என்பதுதான் அளவுகோல். அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2001-ல் வகுத்தது அது. தலைவர் எப்போதோ ஏதோ ஒரு முதலாளிக்காக வாதாடினார் என்பது மட்டும் அதற்குப் போதாது.

இரண்டு தண்டனை அல்ல, இரண்டு கேள்வி

கம்பெனி கேட்டது, "இவரை வேலையில் வைத்துக்கொள்ளலாமா?" என்று. கவுன்சில் கேட்பது, "ஸ்காட்லாந்தில் எந்த வீட்டுக்குள்ளும் இவரை நம்பி அனுப்பலாமா?" என்று. ஒன்றுக்குப் பதில் சொன்னதால் மற்றது தீர்ந்துவிடாது. ஆனால் கம்பெனி உங்களை வைத்துக்கொண்டது, அதுவும் ஒன்பது மாதம் மருந்து கொடுக்கும் வேலையிலேயே வைத்திருக்கிறது என்பது உங்களிடம் உள்ள வலுவான சான்று. அதைப் புகாராகச் சொல்லாமல் சான்றாகப் பயன்படுத்துங்கள்.

விசாரணை மூன்று படியாக நடக்கும். முதலில் என்ன நடந்தது. அடுத்தது, அதனால் இன்றைய தேதியில் உங்கள் பணித்தகுதி பழுதுபட்டிருக்கிறதா. நோட்டீஸில் 'இம்பேர்மென்ட்' என்று வருவது இதுதான். பழுது உண்டு என்று முடிவானால் மட்டுமே மூன்றாவது படி, என்ன நடவடிக்கை. இரண்டாவது படியில் 'இன்றைய தேதி' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தவறு சரிசெய்யக்கூடியதா, சரிசெய்தாயிற்றா, மறுபடி நடக்க வாய்ப்பு இருக்கிறதா என்று குழு பார்க்கும். பனி பெய்த அந்த மாலையைப் போலவே அதற்குப் பிந்திய ஒன்பது மாதமும் அங்கே கணக்கில் வரும். கூடவே, இதைச் சும்மா விட்டால் பொதுமக்கள் இந்தத் துறையை நம்புவார்களா என்ற கேள்வியும் உண்டு. ஆகவே, இனி செய்யவே மாட்டேன் என்று குழுவை நம்ப வைத்தால்கூட விஷயம் அத்தோடு முடிந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது.

மாத்திரையை விடப் பெரியது அந்த போன் கால்

உங்கள் கடிதத்தில் மாத்திரைக்கு இரண்டு பக்கம், சூப்பர்வைசரிடம் சொன்ன பொய்க்கு ஒன்றரை வரி. குழு பார்க்கப்போவது தலைகீழாக.

மார் ஷீட்டில் ஒரு கட்டத்தில் உங்கள் இனிஷியல் இருந்தால், "இவர் விழுங்கியதை நான் பார்த்தேன்" என்று அர்த்தம். அடுத்து வருபவர் அதை நம்பியே ஆக வேண்டும். நம்பாமல் கொடுத்தால் இரட்டை டோஸ் ஆகிவிடும். அதனால்தான் அன்று வந்த பெண் கொடுக்கவில்லை. அவர் விதிப்படி நடந்துகொண்டார். இந்த இடத்தை நீங்கள் உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால், விஷயம் புரிந்திருக்கிறது என்று குழு எடுத்துக்கொள்ளும். "எல்லோரும் முன்கூட்டிப் போடுவதுதான்" என்று சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

நோட்டீஸில் கையெழுத்து, போனில் சொன்னது இரண்டையுமே 'நேர்மையற்றது' என்று குறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கான சோதனையை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2017-ல் தெளிவாக்கியது. முதலில், அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும், எதை உண்மையாக நம்பினீர்கள் என்று பார்ப்பார்கள். பிறகு, அதை வைத்துக்கொண்டு, சாதாரண நேர்மையான மனிதர்களின் பார்வையில் நீங்கள் செய்தது நேர்மையற்றதா என்று பார்ப்பார்கள். உங்கள் மனதுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை என்பது பதில் ஆகாது.

இந்தச் சோதனையில் உங்கள் இரண்டு செயலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முன்கூட்டிய கையெழுத்தில், மாலையில் வந்து கொடுத்துவிடுவேன் என்று நீங்கள் உண்மையாக நம்பினீர்கள் என்ற வாதத்துக்கு இடம் உண்டு. கொடுக்காத மாத்திரையைக் கொடுத்ததாகப் பதிவு செய்தீர்கள் என்பது அதற்கு எதிர்வாதம். இரண்டில் எது ஜெயிக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். போனில் சொன்னது அப்படியில்லை. கையெழுத்து கட்டம் மாறி விழவில்லை என்பது, அப்படிச் சொல்லும்போதே உங்களுக்குத் தெரியும். அதை 'பதற்றத்தில் வந்த குழப்பம்' என்று இப்போது மாற்றிச் சொல்ல வேண்டாம். பதற்றம் பொய்க்குக் காரணமாக இருக்கலாம், அதனால் பொய் குழப்பமாகிவிடாது. என் கருத்து: நடந்த இரண்டையும் ஒப்புக்கொள்ளுங்கள், போனில் சொன்னது நேர்மையற்றது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். கையெழுத்து நேர்மையற்றதா என்பதை மட்டும் ஒரு வக்கீலிடமோ யூனியன் பிரதிநிதியிடமோ கலந்து முடிவு செய்யுங்கள். ஒரு குற்றச்சாட்டை மறுத்து வாதிடுவதே உங்களுக்கு எதிராகத் தானாகத் திரும்பிவிடாது. ஆனால் அங்கே உட்கார்ந்து புதிதாக ஒரு பொய் சொன்னால் மீள வழியில்லை. உண்மையை யாரும் வற்புறுத்தாமலே நானாகச் சொன்னேன் என்றும் எழுதாதீர்கள். ஷீட்டைக் காட்டிய பிறகுதான் சொன்னீர்கள், கம்பெனிக் குறிப்பில் அது அப்படியே இருக்கும்.

போகாமல் இருந்தால், ஓடிப்போனால்

நோட்டீஸ் முறையாக அனுப்பப்பட்டிருந்தால், நீங்கள் இல்லாமலே விசாரணையை நடத்திவிடலாம். கடிதம் மட்டும் வந்தால் அதைப் படிப்பார்கள், ஆனால் கடிதத்திடம் கேள்வி கேட்க முடியாது. திருந்தியிருக்கிறீர்களா என்பதே கேள்வியாக இருக்கும் வழக்கில் காலி நாற்காலி உங்களுக்காகப் பேசாது. மைஎஸ்.எஸ்.எஸ்.சி. என்ற கவுன்சிலின் இணையக் கணக்கில் உங்கள் முகவரியும் ஈமெயிலும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வீடு மாறியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இங்கிலீஷுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள், அன்று காலையில் கேட்காதீர்கள். தமிழ் என்பதோடு, இந்தியத் தமிழா இலங்கைத் தமிழா என்றும் குறிப்பிடுங்கள். மொழிபெயர்க்கக் கணவரைக் கூட்டிப்போக வேண்டாம். அவர் பாசத்தில் ஒரு வரியை மென்மையாக்கிச் சொன்னால், அது நீங்கள் சொன்னதாகவே பதிவாகும்.

தோழி சொல்வதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் கேர் ஒர்க்கர்களுக்கு இப்படியொரு பதிவேடு கிடையாது, சோஷியல் ஒர்க்கர்களுக்கு மட்டும்தான் உண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கேர் ஒர்க்கர்களும் பதிவு செய்கிறார்கள். ஆனால் புதிய முதலாளி பழைய இடத்தில் ரெஃபரன்ஸ் கேட்பார், கவுன்சிலின் முடிவுகள் பெயரோடு இணையத்தில் வரும். விசாரணை நிலுவையில் இருக்கும்போது நீங்களாகப் பதிவிலிருந்து விலகுவதைக் கவுன்சில் ஏற்றாக வேண்டும் என்பதும் இல்லை.

பதில் போடாத அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுங்கள். சில வழக்குகளில் விசாரணைக்கு முன்பே, இந்த நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கவுன்சில் எழுதிக் கேட்கும். நீங்களும் கவுன்சிலும் சம்மதித்தால் விசாரணையே தேவைப்படாமல் போகலாம். அது அப்படிப்பட்ட கடிதமாக இருந்தால், இன்னும் அதைப் பேச இடம் இருக்கிறதா என்று உங்கள் கோப்பைப் பார்க்கும் கவுன்சில் அலுவலரான கேஸ் ஆபீசரிடம் கேளுங்கள். கேட்பதாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கீழே விசா பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

கையில் என்ன கொண்டு போவது

நீங்கள் அனுப்பிய மன்னிப்புக் கடித நகலில் முதல் பத்தி முழுக்க வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடல்நிலை. நம் ஊரில் மனு அப்படித்தான் தொடங்கும். இங்கே அதற்கு எடை குறைவு. ஒருவரைத் தண்டிப்பதற்காக அல்ல, பொதுமக்களைப் பாதுகாப்பதற்காகவே இந்த விசாரணை என்பதால், தனிப்பட்ட கஷ்டம் கடைசி வரிசையில்தான் வரும். ஒரு பத்தி போதும், அதுவும் கடைசியில்.

அதற்குப் பதிலாக முதலில் தமிழிலேயே எழுதுங்கள்: என்ன செய்தேன், வலிப்பு மாத்திரை ஒரு வேளை விட்டுப்போனால் அந்த அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும், ஏன் பொய் சொன்னேன், இப்போது என்ன மாற்றியிருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்பது பதில் அல்ல. "மாத்திரையை விழுங்கிய பிறகுதான் பேனாவை எடுக்கிறேன், தாமதமானால் ஆபீசுக்குப் போன் செய்து யாரிடம் சொன்னேன், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்கிறேன்" என்பது பதில். ரோட்டா நெருக்கடியையும் சொல்லலாம். ரோட்டா நகலைக் காட்டி, ஏன் அந்தக் குறுக்குவழி தோன்றியது என்று விளக்குங்கள். அதை விளக்கமாகச் சொன்னால் கேட்பார்கள், சாக்காகச் சொன்னால் எடுபடாது.

கூடவே மருந்துப் பயிற்சிச் சான்றிதழ், அதற்குப் பிறகு சூப்பர்வைசர் கூட வந்து பார்த்த குறிப்புகள், இந்த ஒன்பது மாத மார் ஷீட் தணிக்கையின் நகல். மூதாட்டியின் பெயரும் முகவரியும் மறைக்கப்பட்ட நகலாக, கம்பெனி அனுமதியோடு வாங்குங்கள். நீங்களாகப் போனில் படம் எடுத்தால் அது தனி விதிமீறல். நற்சான்றுக் கடிதம் தருபவர், குற்றச்சாட்டு என்னவென்று தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்க வேண்டும். தெரியாமல் புகழ்ந்த பத்துக் கடிதத்தை விட, தெரிந்தே எழுதிய உங்கள் டீம் லீடரின் ஒரு கடிதம் மேல்.

விசா, அப்புறம் அப்பீல்

குழு எடுக்கக்கூடிய நடவடிக்கைகளில் எச்சரிக்கை, நிபந்தனை, அதிகபட்சம் 2 ஆண்டு வரை இடைநீக்கம், பதிவேட்டிலிருந்து நீக்கம் ஆகியவை உண்டு. உங்களுக்கு இடைநீக்கமே நீக்கம் மாதிரி ஆகிவிடலாம், அதனால்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படிக்கச் சொன்னேன். சம்பளமில்லாமல் ஓர் ஆண்டில் 4 வாரத்துக்கு மேல் வேலையில் இல்லையென்றால், நோய், மகப்பேறு போன்ற விதிவிலக்கு இல்லாதவரை, கம்பெனி உங்கள் விசா ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் வழக்கமாக உங்களுக்கு 60 நாள் அவகாசம் கிடைக்கும், அதற்குள் வேறு ஸ்பான்சர் அல்லது வேறு விசா பார்க்க வேண்டியிருக்கும். இந்த விளைவைக் குழுவிடம் சொல்லலாம். நடவடிக்கை அளவுக்கு மீறியதா என்று பார்க்கும்போது அதையும் யோசிப்பார்கள், அதற்காக மட்டும் குறைக்க மாட்டார்கள். குடிவரவு வக்கீல் ஒருவரை விசாரணைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால் ஷெரிஃப் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். சினிமாவில் வரும் துப்பாக்கி ஷெரிஃப் அல்ல, ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்றால் நீதிபதி. முடிவின் நோட்டீஸ் கொடுக்கப்பட்டதிலிருந்து 14 நாள்தான் கெடு, சனி ஞாயிறும் அதில் சேரும். உங்கள் சார்பில் குழுவின் முன் யூனியன்காரரோ லண்டன் வக்கீலோ கூடப் பேசலாம். ஆனால் ஷெரிஃப் கோர்ட்டுக்கு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் தகுதி பெற்றவர் வேண்டும். கிளாஸ்கோவில் உறவினருக்குத் தெரிந்த அந்தத் தமிழ் வக்கீல் அப்படிப்பட்டவர் என்றால், தலைவரிடம் தூது போவதற்குப் பதிலாக உங்களுக்காக வாதாட முடியுமா என்று கேளுங்கள். இந்த வேலைகளில் அவருக்குப் பழக்கம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.